வெள்ளாட்டுக்குக் குரல் கொடுத்தவன்

ஒரே ஒரு காடாம், காட்டுக்கு ஒரே ஒரு ஒத்தையடிப் பாதையாம், பாதை போய் முட்டுகிற இடத்தில் ஒரு வீடாம், அந்த வீட்டில் அஞ்சு கரடி இருந்துச்சாம், அஞ்சும் வாலிபால் ஆடுமாம், ஆனா ஆட்டத்துக்கு ஆறு பேர் வேணுமாம். இப்படித்தான் தொடங்கவேண்டும். பழைய படம் இப்படித்தான் தொடங்கியது. திரையில் ஒன்றும் தெரியாது, கறுப்பு, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு மூக்கடைத்த ஆண்குரல் மட்டும் வரும், ஒவ்வொரு ‘ஆம்’ முடிந்ததும் ஒரு நொடி நிற்கும், கேட்கிறவன் உம் கொட்டட்டும் என்று நிற்கிற மாதிரி. நானும் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உம் கொட்டுவேன். கொட்டினால்தான் காடு தெரியும் என்று நினைத்திருந்தேன், ஆறு வயது வரை. புதுப் படத்தில் காடு முதலிலேயே தெரிந்துவிட்டது. பருந்து பார்க்கிற மாதிரி மேலேயிருந்து, இலை இலையாக, ஒவ்வொரு இலையிலும் ஒரு பனித்துளி, ஒவ்வொரு துளியிலும் ஒரு சூரியன். அழகுதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. இடைவேளை வரை ஒரு இடத்தில்கூட யாரும் வாயை மூடவில்லை, உம் கொட்ட இடமே இல்லை. அப்பாக் கரடி பேசுகிறது, அது மூச்சு விடுகிற இடத்தில் பெரிய மகள் கரடி பேசுகிறது, அவள் பேசும்போதே பாட்டு ஏறுகிறது. கேட்டுக்கொண்டே இருந்ததில் தோள் வலிக்கிறது. காது வலித்தால் சரி, தோள் ஏன் வலிக்கவேண்டும். மூட்டை தூக்கினவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆடு இன்னும் வரவில்லை. வராமலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

விளக்கு அணைகிறது. இடைவேளைக்குப் போன பிள்ளைகள் பாப்கார்னோடு தடவித் தடவித் திரும்பி வருகிறார்கள். பாளையங்கோட்டையில் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று நினைக்கவில்லை. எனக்கு இடது பக்கம் அப்பா. அவருக்கு அந்தப் பக்கம் ஞானமுத்து மாமா. மாமா என்றால் சொந்தம் இல்லை, அப்பா கண்டக்டராக இருந்த வண்டிக்குப் பத்தொன்பது வருஷம் டிரைவர். பாபநாசம் ரூட்டில் இருவரையும் சேர்த்துத்தான் பேர் சொல்வார்கள், சுடலையாண்டி ஞானமுத்து என்று ஒரே ஆள் மாதிரி. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் தினமும் டிப்போ வாசல் டீக்கடையில் பத்து மணிக்குச் சந்தித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு மாமா வெள்ளைச் சட்டை, சென்ட். அப்பா நேற்றே முடிவெட்டிக்கொண்டார். கார்ட்டூன் படத்துக்கு. அறுபது வயது மனிதர்கள் இரண்டு பேர், கரடி வாலிபால் ஆடுகிற படத்துக்கு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் அதில் வருகிற வெள்ளாட்டுக்கு நான் குரல் கொடுத்திருக்கிறேன். அப்பா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். டிப்போ முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தது நிஜம். அதை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும், பத்து நாளாகத் தெரியும். எப்ப வரும் ஒன் ஆடு என்று அப்பா இடைவேளைக்கு முன்னால் மூன்று தடவை கேட்டுவிட்டார். வரும்ப்பா என்றேன். என்ன என்றார். தலையை ஆட்டினேன். நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், வலது காது அவருக்கு மந்தம், முப்பத்தொரு வருஷம் கூட்டத்துக்குள் நின்று விசில் ஊதினதில் போனது என்பார். நல்ல காதை மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார். இடம் மாறி உட்காரலாமா என்று உள்ளே வரும்போது நினைத்தேன். நினைத்தது மட்டும்தான். நான் பேசினால் நல்ல காதிலேயே பாதிதான் போகும்.

எனக்குச் சத்தம் வராது. ஊமை இல்லை, திக்குவாய் இல்லை, சத்தம் வராது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொன்னால் வாத்தியார் ஆப்சென்ட் போடுவார். படிப்பு முடிந்து ஒரு போன் கம்பெனியில் வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலைக்குப் போய் ஒன்பது நாள் இருந்தேன், ஒன்பது நாளும் எதிர்முனையில் ஹலோ ஹலோ லைன்ல இருக்கீங்களா. இப்போது ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன், பேசாமல் இருப்பது அங்கே ஒரு தகுதி. வீட்டில் அம்மாதான் எனக்கு ஒலிபெருக்கி. அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு வருவார், நான் விசிடியில் கரடிப் படம் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் காக்கிச் சட்டையோடு தோல்பையைக்கூடக் கழற்றாமல் கதவு நிலையில் நின்று கடைசிப் பத்து நிமிஷம் பார்ப்பார். டிப்போ டீமில் அவர் அடிக்கிற ஆள், ஞானமுத்து மாமா பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர், பந்து என்றால் கரடி ஆடினாலும் கால் நின்றுவிடும். யாருல ஜெயிச்சா என்பார். தோத்துட்டாங்கப்பா என்பேன். என்ன? அடுப்படியிலிருந்து அம்மா சொல்வாள், தோத்துட்டாங்களாம். அப்போதெல்லாம் அப்பா என்னையல்ல, அம்மா இருக்கிற பக்கம்தான் பார்ப்பார். பழைய படத்தில் அவர்கள் தோற்கத்தான் செய்தார்கள். பதினஞ்சுக்குப் பதிமூணு. ஆறாவது ஆள் கிடைக்காமல் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டைக் கூப்பிட்டு மூலையில் நிறுத்தியிருப்பார்கள், அதற்குக் குதிக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது, அப்பாக் கரடி விளக்கி விளக்கிச் சொல்லும், ஆடு எல்லாவற்றுக்கும் ம் என்று மட்டும் சொல்லும். படம் முழுக்க ம். ஆனால் ஒரு ம் மாதிரி இன்னொரு ம் இருக்காது. புரிந்த ம், புரியாத ம், பயந்த ம், தின்றுகொண்டே சொல்கிற ம். கடைசிப் பந்து அதன் தலைக்கு மேலே வரும். எங்கள் விசிடியில் அந்த இடத்தில் கீறல். பந்து ஆகாயத்தில் நின்றுவிடும், ஆடு மேலே பார்த்தபடி நின்றுவிடும், தட்டை வெளியே எடுத்து பனியனால் துடைத்துத் திரும்பப் போட்டால் சில நாள் பந்து விழும், சில நாள் விழாது. விழுந்தால் அவர்கள் தோற்பார்கள். விழாவிட்டால் தோற்கவும் இல்லை ஜெயிக்கவும் இல்லை. எத்தனையோ சாயங்காலம் அந்தப் பந்து எங்கள் வீட்டில் விழாமலே நின்றிருக்கிறது. விழுகிற நாளில் ஒரு நிசப்தம் வரும், ஒரு கரடியும் ஆட்டைத் திட்டாது, அம்மாக் கரடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சோறு ஆறுது வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடக்கும். ஆடும் பின்னாலேயே போகும். உள்ளே ஆறு தட்டு இருக்கும். அவ்வளவுதான் படம். அந்த ஆறாவது தட்டை வைத்தது யார், எப்போது வைத்தார்கள், ஆட்டத்துக்குப் போகும் முன்பே வைத்துவிட்டார்களா, இதை நினைத்து நினைத்தே நான் வளர்ந்திருக்கிறேன் போல.

இதைத்தான் எழுதினேன். படம் மறுபடி வருகிறது என்று தெரிந்ததும் பேஸ்புக்கில் அந்தப் படத்துக்கென்று இருக்கிற குழுவில், முந்நூறு சொச்சம் பேர், ஆட்டின் நாற்பத்து மூன்று ம் பற்றி ஒரு பதிவு. கல்லூரியில் என்னோடு படித்த ரெக்ஸ்லின் சென்னையில் ஒரு டப்பிங் கூடத்தில் வேலை பார்க்கிறான், அதைப் படித்துவிட்டு போன் பண்ணினான். இந்த ஆட்டுக்கு நீதான்டா பேசணும், வேற எவனுக்குத் தெரியும். ஆவணி மாதம் போனேன். சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் மைக். திரையில் இன்னும் நிறம் பூசாத ஆடு, சாம்பல் கோடு மட்டும், வாய் திறந்து மூடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர், பெயர்கூடக் கேட்கவில்லை, நான் பேசினதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்குத் தெரியும் அடுத்து என்ன சொல்வார் என்று. தொண்டை தயாரானது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குமிழைத் திருகினார். ஹெட்போனில் என் குரல் வந்தது, எனக்கே, முதல் தடவையாக, பக்கத்தில் யாரோ நின்று பேசுகிற மாதிரி. சத்தமாப் பேசு என்று சொல்லாமல் ஒரு குமிழைத் திருகினால் போதும் என்பது இருபத்து மூன்று வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசினேன். புதுப் படத்து ஆட்டுக்குப் பதினாலு வசனம், மீதி எல்லாம் ம். மூச்சு, விக்கல், புல் மெல்லுகிறது. வெளியே வந்து ஊருக்குப் போன் பண்ணினேன், அம்மா எடுத்தாள், சொன்னேன், அவள் அப்பாவிடம் சத்தமாகச் சொல்வது கேட்டது, ஆட்டுக்குப் பேசியிருக்கானாம், தேட்டர்ல வருமாம். பின்னால் அப்பா, யாரு, இவனா? மறுநாள் பத்து மணி டீக்குள் டிப்போவுக்கே தெரிந்துவிட்டது.

ட்ராக் தான்டா அது என்றான் ரெக்ஸ்லின், பத்து நாளைக்கு முன்னால். நான் சொன்னேனே. ஒரிஜினல் ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தரப் பேச வச்சு எடுத்துக்குவோம், வாய் எங்க திறக்குது எங்க மூடுதுன்னு பார்க்க. அப்புறம் அவங்க அதக் கேட்டுட்டுப் பேசுவாங்க. எல்லாப் படத்துக்கும் அப்படித்தான். சொல்லியிருப்பான். அந்த அறையில் ஆளாளுக்கு ட்ராக் ட்ராக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது அவர்கள் தொழில் பேச்சு, பதிவு செய்வதற்கே அப்படிச் சொல்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் திரும்ப என்ன என்பார்கள், இரண்டாவது தடவை கேட்கவேண்டும். ஆட்டையே மாத்திட்டாங்கடா, இப்ப அது நிறையப் பேசுது, டிவில ஞாயித்துக்கிழமை காமெடி பண்றவரப் போட்டிருக்காங்க, வருத்தப்படாத, அடுத்த படத்துல பாப்போம். வருத்தமில்லை என்றேன். அவனுக்குக் கேட்டிருக்கும், அவன் நல்லவன், கேட்காத மாதிரி ஒரு நேரமும் நடந்துகொண்டதில்லை. அன்றைக்கே அப்பாவிடம் சொல்லப் போனேன். ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்தார், கன்னம் முழுக்க நுரை. அப்பா அந்தப் படத்துல. என்ன? ஒண்ணுமில்ல. அடுத்த நாள் சாப்பிடும்போது. அதற்கடுத்த நாள் அவர் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து நிற்கிறார், நாலு, நடு வரிசை, ஞானமுத்து மாமாவுக்கும் சேர்த்து. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு நான் உதட்டை அசைத்தாலே கேட்கும். கேட்டுவிட்டு வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை வருசமா நீ சொன்னதெல்லாம் நான்தான் அவரு காதுல போட்டேன், இத நான் போடமாட்டேன், நீயே சொல்லு. அவள் இன்றைக்கு வரவில்லை. படி ஏற முட்டி விடாது என்றாள். நேற்றுதான் மொட்டை மாடியில் வத்தல் காயப் போட்டாள்.

வந்துவிட்டது. கரடிகள் ஆறாவது ஆள் இல்லாமல் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருக்கின்றன, பெரிய மகள் வீட்டைவிட்டுப் போகிறேன் என்கிறாள், அப்போது மலை உச்சியில் புகை, புகைக்குள் இரண்டு கொம்பு, கறுப்புக் கண்ணாடி. ஆட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி. “தள்ளு தள்ளு தள்ளு, தலைவன் வந்துட்டான்ல.” பித்தளைக் குடத்தைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு குரல். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆடு பேசுகிறது, பேசிக்கொண்டே குட்டிக்கரணம் அடிக்கிறது, தன் அம்மாவைப் பற்றி, தன்னை எந்த டீமிலும் சேர்க்காததைப் பற்றி, நெட்டு கிழிஞ்சாலும் நெஞ்சு கிழியக் கூடாது என்பதைப் பற்றி. எங்கே என் ஆடு. வேலியோரம் நின்ற அது எங்கே. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை, தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்கத் தளர்ந்துபோய், இனி ஒன்றும் என் கையில் இல்லை என்கிற மாதிரி. அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்க்கிறேன். அவர் அசையவில்லை. இப்போது திரும்புவார். இது நீ இல்லையேல என்பார். என்றால் முடிந்தது, ஆமாப்பா என்று தலையாட்டினால் போதும், தலையாட்டுவதற்குச் சத்தம் வேண்டாம். திரும்பினார். என் முழங்காலில் கை விழுந்தது, கனமான கை. “ஏல. இப்படிப் பேசத் தெரியுமால ஒனக்கு?” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி ஞானமுத்து மாமாவின் தொடையிலும் ஒரு அடி. கேட்டீராவே, எம்மவன். அப்புறம் சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்திருக்கிறேன், என்னால் சிரித்துப் பார்த்ததில்லை. ஆடு ஒன்று சொல்லும், அவர் சிரித்துவிட்டு என் பக்கம் பார்ப்பார், நான்தான் இப்போது சொன்னேன் என்பது மாதிரி. முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள், அவளிடமும், எம்மவந்தாம்மா ஆடு. அவள் என்னைப் பார்த்து, அப்படியா தம்பி, நல்லாப் பேசிருக்கீங்க என்றாள். நான் சிரித்தேன் போலிருக்கிறது. வாய் தானாகப் போனது.

முதல் நிமிஷத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு சின்ன வேலை. இப்போது வளர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு சுற்று பருமன். இது யாருடைய குரல். எங்கோ சென்னையில், ஏசி அறையில், ஒரு மனிதர் நான் பேசினதை ஒரு தடவை காதில் வாங்கிக்கொண்டு, இந்தப் பையன் என்ன இப்படி முனகுகிறான் என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசியிருப்பார். அவர் மேல் கோபமில்லை. ஆனால் அவர் இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். அப்பாவுக்கு ஒரு மகன் இருக்கிறான், பித்தளைக் குரல், வாய் ஓயாத, கூட்டம் சிரிக்கிற மகன், அவர் இத்தனை வருஷமாகக் கேட்டுக் காத்திருந்தது இவனைத்தான். இன்றைக்கு மதியம் கிடைத்துவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், வாயை மூடிக்கொண்டு இருப்பதில் எனக்கு நிகர் யார், அவன் இருந்துகொள்வான். தெருவில், கல்யாண வீட்டில், டீக்கடையில் அப்பா அவனைப் பற்றிப் பேசுவார். நான் பக்கத்தில் நிற்பேன். அதில் என்ன கெட்டுப்போகிறது. ஒரு கிழவர் சந்தோஷமாக இருக்கட்டுமே. திங்கக்கிழமை டிப்போவுக்கு வா என்கிறார் அப்பா இப்போது, திரையைப் பார்த்துக்கொண்டே, மேனேஜர் முன்னால அந்தத் தள்ளு தள்ளு சொல்லிக் காட்டு, செத்துருவான் சிரிச்சே. சரிப்பா. என்ன? சரி. தலையாட்டினேன். திங்கக்கிழமை வரும். நான் டிப்போ வாசலில் நின்று வாயைத் திறப்பேன், ம் என்று ஒரு சத்தம் வரும்.

கடைசி ஆட்டம். ஸ்டேடியம், லேசர் விளக்கு, அம்பதாயிரம் மிருகம். இப்போது ஆட்டம் இருபத்தைந்து பாயிண்ட். அப்பாவும் மாமாவும் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்கள், படத்துக்காக அல்ல, ரூலுக்காக. அம்மாக் கரடி நெட்டைத் தொட்டுவிட்டது, நடுவர் விசில் ஊதவில்லை. நெட் டச்சுவே அது என்கிறார் அப்பா. கரடிக்கு ரோமம் பட்டா கணக்கு கிடையாது என்கிறார் மாமா. ரோமமும் உடம்புதானவே. ஒமக்குத் தலையில இல்லாததால அப்படித் தெரியுது என்கிறார் அப்பா. இவர்களுக்கு இந்தப் படம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசிப் பந்து, மெதுவாக, மிக மெதுவாக, சுழன்று சுழன்று வருகிறது, ஆட்டின் கண்ணாடியில் பந்து தெரிகிறது, அதன் சின்ன வயசு தெரிகிறது, அம்மா தெரிகிறது. விழட்டும். நான் கேட்பது அது ஒன்றுதான், விழட்டும், இந்த ஒரு பந்தை விழவிடுங்கள், ஜெயிக்காத ஒருவனுக்கு உள்ளே ஒரு தட்டு இருக்கட்டும். ஆடு எழும்பி முட்டியது. இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. காகிதப் பூ மழை. அப்பாக் கரடி அழுதுகொண்டே ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, உங்க மனசை நான் புரிஞ்சிக்கவே இல்லை, என்னை மன்னிச்சிருங்க என்று நிதானமாக, நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல் சொன்னது. எந்த வீட்டில் அப்பா இப்படிச் சொல்கிறார். சோறு ஆறவில்லை இந்தப் படத்தில். யாருக்கும் பசிக்கவே இல்லை.

விளக்கு போட்டுவிட்டார்கள். கூட்டம் எழுந்து படியிறங்குகிறது. முன் வரிசை அம்மா தன் பிள்ளையிடம் என்னைக் காட்டி, அந்த அண்ணந்தான் ஆடு என்றாள், அது நம்பாமல் பார்த்துவிட்டுப் போனது. குழந்தை சரியாகத்தான் பார்க்கிறது. அப்பா எழவில்லை. பேரு வரும்ல, இரி. திரையில் வெள்ளை எழுத்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, நூற்றுக்கணக்கில், வெளிநாட்டுப் பெயர்கள். தமிழ் பேசினவர்கள் பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில், இசைகூட நின்றபிறகு வரும், அதற்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள், குரல் கொடுத்தவர்களின் வீட்டு ஆட்கள் மட்டும் இருப்பார்கள் என்று ரெக்ஸ்லின் சொல்லியிருக்கிறான். ஞானமுத்து மாமா ஸ்கூட்டரை எடுத்து வெளியே வைக்கிறேன் என்று எழுந்தார். என்னைத் தாண்டும்போது என் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்று குனிந்தார். சென்ட் வாசனை. “மாப்ள, வண்டில எஞ்சின் மாத்துனா டிரைவருக்குத் தெரியாதா?” அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார், அப்பா எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல, பாத்துக்க, என்றார் மாமா தணிந்த குரலில், எனக்குச் சமமான குரலில், தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒண்ணும் இல்லைதான். கீழ் வரிசையில் ஒரு அம்மா துடைப்பத்தால் பாப்கார்னைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். எழுத்து ஏறுகிறது. அப்பா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலைத் திரையை நோக்கி நீட்டி வைத்திருக்கிறார், என் பேர் வந்ததும் தொட்டுவிடுகிற மாதிரி. இசை நின்றது. தமிழ் வந்தது. பொடி எழுத்து. அப்பாக் கரடி, ஒரு பெயர். அம்மாக் கரடி, ஒரு பெயர். வெள்ளாடு, அவர் பெயர். அது ஏறி ஏறி மேல் விளிம்பில் போய் மறைந்தது. வந்துட்டா, எந்த இடத்துலல, என்கிறார் அப்பா, அந்தா அதுவா? அந்தா அதுதான் என்று சொல்லலாம். இரண்டு சொல். அவருக்குத் தெரியவும் போவதில்லை. விரல் நீட்டியிருக்கிறது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நகத்தில் இன்னும் டிக்கெட் கணக்கு எழுதின கார்பன் மை போகாத மாதிரி ஒரு கறுப்பு, அந்த விரல் வேறு யாரோ ஒருவருடைய பேரைத் தேடிக்கொண்டிருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கம், கேட்காத பக்கம். இல்லப்பா என்றேன். என்ன? அது நான் இல்லப்பா. என்ன சொல்லுத? அது நான் பேசினது இல்ல. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் சிரிப்பு மிச்சமிருக்கிற வாயோடு என்னைப் பார்க்கிறார், கையைக் காது மடலுக்குக் கொண்டுபோகிறார். அம்மா இல்லை. குமிழ் இல்லை. எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது, வயிற்றிலிருந்தா, “அது என் குரல் இல்லப்பா. என் குரல எடுத்துட்டாங்க. அது வேற ஆளு.” கூடம் முழுக்கப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கீழே துடைப்பம் நின்றது. கூட்டுகிற அம்மா நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்தாள்.

அப்பாவின் கை காதிலிருந்து மெதுவாக இறங்கியது. திரை கறுப்பாகிவிட்டது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் இன்னும் ஏதோ வரப்போகிற மாதிரி. கீழே கூட்டுகிறவள் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள். திட்டப்போகிறார். இல்லை, எழுந்துவிடப்போகிறார். இல்லை. சட்டைப் பையில் எதையோ தேடினார், ஒன்றும் எடுக்கவில்லை. “அப்ப நீ பேசுனது எங்க இருக்கு?” கேட்டது சத்தமாக இல்லை. தெரியலப்பா, அழிச்சிருப்பாங்க, என்றேன், அதே சத்தத்தில், குறைக்க வரவில்லை. முழுசுமா? முழுசும். ஒருநாள் பூராப் பேசினல்லா. ஆமாப்பா. அவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார், நான் ஆட்டுகிற மாதிரி. அப்புறம் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். “டிப்போல நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்.” எந்தக் குரலில் சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை, கோபமா, தோற்ற குரலா, அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. என்னைத் தாண்டவில்லை, அந்தப் பக்கமாகவே நடந்து வரிசை முடிகிற இடத்தில் படிக்கு வந்தார். இறங்குகிறார். ஓடுகிற பஸ்ஸுக்குள் போகிறவர் மாதிரி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் ஒரு கை மாற்றி ஒரு கை பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, ஒரு ஆளும் இல்லாத வரிசைகளுக்கு நடுவே. வாசல்வரைக்கும் அப்படியே போனார். கதவைத் தோளால் தள்ளினார். வெளியே நாலு மணி வெயில். திரும்பிப் பார்க்காமல் அதற்குள் நடந்து போகிறார்.